சுவரில் சிரித்த மன்னர்

பொன்னெழில் நாட்டு மன்னர் எதையும் ஆணை போட்டே ஒழித்துவிடுவார். பஞ்சம் வந்தபோது பஞ்சத்தை ஒழித்தார். அதன்பிறகு பசித்தவர்கள் வேறு காரணம் சொல்ல வேண்டியிருந்தது. ஒருநாள் அவருடைய பார்வை கிராமத்துக் கருவேலங்காடுகளின் பக்கம் திரும்பியது. “இன்று முதல் இந்நாட்டில் எவரும் வெளிக்குப் போகக் கூடாது” என்று முரசறைந்தார்கள்.

முதல் நாளே குழப்பம். வாசலைத் தாண்டியவர்களையெல்லாம் காவலர்கள் பிடித்துப்போனார்கள். ஏர் பூட்டப் போனவரும் சிறையில், மாடு ஓட்டப் போனவரும் சிறையில். எந்த வெளி என்று விளக்க இன்னோர் ஆணை தேவைப்பட்டது.

பிறகு வீட்டுக்கு வீடு கழிப்பறை கட்டித் தந்தார்கள். நல்ல காரியம்தான், குறை சொன்னால் வாய் அழுகிவிடும். கதவு இருந்தது, கூரை இருந்தது. உட்கார்ந்தால் எதிர்ச்சுவரில் மன்னர் முழு உருவத்தில் புன்னகைத்தார். தண்ணீர் மட்டும் இல்லை. கேட்டதற்கு, “ஆணையில் அறை என்றுதான் இருக்கிறது” என்று பதில் வந்தது.

ஆவாரம்பட்டியில் குருவம்மாள் என்றொருத்தி இருந்தாள். அவளுடைய பக்கத்து வீட்டுக்காரர் மொக்கையன்தான் முதலில் உள்ளே போனார். கதவிடுக்கில் கண் வைத்திருந்த காவலர்கள், மன்னர் முன் அரைகுறை ஆடையோடு அமர்ந்த குற்றத்துக்காக அவரைக் கசையால் அடித்தார்கள். மறுநாள் அவர் திரும்பி உட்கார்ந்தார். மன்னருக்கு முதுகு காட்டியதற்காக மறுபடியும் அடி. அதன்பிறகு ஊரார் கழிப்பறைகளில் ஆடு கட்டினார்கள். அரச மரியாதையிலிருந்து ஆடுகளுக்கு விலக்கு இருந்தது.

காட்டுப் பக்கம் ஒதுங்கினால் விசில். பெண்கள் அரை வயிறு சாப்பிட்டு, தண்ணீரையும் குறைத்துக்கொண்டு, காவலர் கண்ணில் படாமல் காட்டுக்குப் போக இருட்டும்வரை பல்லைக் கடித்தார்கள். குருவம்மாளும் அப்படித்தான் சமாளித்தாள். ஆனால் தலைப்பிரசவத்துக்கு மகள் செல்லக்கிளி வரப்போகிறாள். நிறைமாதக்காரி அடிக்கொருதரம் எழுந்து போக வேண்டியிருக்குமே, அவளை எங்கே அனுப்புவது? அந்தக் கவலையில் குருவம்மாளுக்குச் சோறே இறங்கவில்லை.

அப்போதுதான் தூய்மைப் பேரமைச்சர், ‘வெளிக்குப் போகாத ஊர்’ என்ற பட்டயத்தை வழங்க எழுந்தருளினார். குருவம்மாள் நேரே போய் நின்றாள்.

“சாமி, அரமண யானை குளிக்கிற கொளத்துக்கு எங்க ஊரு வழியாத்தான் வாய்க்கா ஓடுது. மடையக் கொஞ்சம் தொறந்துவிட்டா நாங்களும் கழுவிக்கிருவோம்.”

“அம்மையே! பட்டத்து யானையின் நீராட்டு இந்நாட்டின் கௌரவம். எனினும் உமது கோரிக்கை கனிவுடன் பரிசீலிக்கப்படும்.”

கனிவுடன் பரிசீலித்தபடியே அவர் விருந்துக்கு அமர்ந்தார். மோரில் கலந்தது ஊருணித் தண்ணீர். மழை பெய்தால் கருவேலங்காட்டுக் கழிவெல்லாம் அந்த ஊருணியில்தான் வந்து சேரும். ஊர்க்காரர்களின் வயிறு ஏதோ தாக்குப்பிடித்தது. அமைச்சருடையது அரண்மனை வயிறு. பட்டயத்தைக் கையில் எடுத்தவர் அப்படியே நின்றார்; பிறகு கருவேலங்காட்டை நோக்கி ஓடினார்.

விசில் பறந்தது. “ஐயா, வெளிக்குப் போகக் கூடாது. நீங்க போட்ட ஆணதான்” என்று காவலன் பணிவோடு வழிமறித்தான்.

குருவம்மாள் ஆட்டை அவிழ்த்துவிட்டுத் தன் வீட்டுக் கழிப்பறையைத் திறந்தாள். அமைச்சர் உள்ளே பாய்ந்தார். சுவரில் மன்னர் புன்னகைத்தார். அமைச்சர் வெளியே பாய்ந்தார்.

“மொகத்தக் காட்டுனாலும் குத்தம், முதுகக் காட்டுனாலும் குத்தம் சாமி. எங்க மொக்கையன் அண்ணன் ரெண்டுக்கும் வாங்கியாச்சு.”

பேரமைச்சரின் செந்தமிழ் அங்கேயே கழன்று விழுந்தது. “டேய்! செவுத்துல சுண்ணாம்ப அடிங்கடா! மடையத் தொறங்கடா! சீக்கிரம்டா!”

எந்த வீட்டுச் சுவர் என்று அவர் சொல்லவில்லை. காவலர்களோ சொன்னதைச் செய்பவர்கள். ஊரிலிருந்த அத்தனை கழிப்பறைகளிலும் மன்னர் மேல் சுண்ணாம்பு ஏறியது. அது காயும்வரை அமைச்சர் காத்திருக்கவில்லை. மடையைத் திறக்க ஆணை இருந்தது, மூட ஆணை இல்லை. எனவே அது திறந்தே கிடந்தது. மன்னருக்குச் சுண்ணாம்பு அடித்த கதையை அமைச்சர் அரண்மனையில் மூச்சுவிடவில்லை. குளத்தில் தண்ணீர் கொஞ்சம் குறைந்ததற்கு யானையும் புகார் சொல்லவில்லை.

செல்லக்கிளி வந்தாள். வாசலோரம் வாய்க்கால் தண்ணீர், வெள்ளைச் சுவர், உள்தாழ்ப்பாள். அவள் நிம்மதியாகப் போய்வந்ததைப் பார்த்துக் குருவம்மாளுக்குக் கண் கலங்கியது. சந்தோஷம்தான், வேறொன்றுமில்லை. பேத்தி பிறந்ததும், சோப்புப் போட்டுக் கை கழுவாத யாரையும் குழந்தையைத் தொட விடவில்லை. காட்டுக்குப் போவாரில்லாததால் ஊருணி தெளிந்தது. பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு நின்றது.

அடுத்த ஆண்டு அரண்மனை கழிப்பறைகளைக் கணக்கெடுத்தது. உள்ளே மன்னர் சிரித்தால் கழிப்பறை. சிரிக்காவிட்டால் வெறும் அறை. ஆவாரம்பட்டித் தெருவில் முரசு முழங்கியது. “நாடெங்கும் கழிப்பறைகள் நிறைந்துவிட்டன! ஒன்றுகூட இல்லாமல் நாட்டுக்கே அவமானம் தேடித் தந்த ஒரே ஊர் இந்த ஆவாரம்பட்டி!”

செல்லக்கிளிக்குப் பொறுக்கவில்லை. “என்னம்மா இது அநியாயம்! இருக்குன்னு போயிச் சொல்லு.”

“சத்தம் போடாதடி. இருக்குன்னு தெரிஞ்சா படம் வரைய வந்துருவாங்கெ.”

ஊரே தலையைக் குனிந்துகொண்டு கேட்டது. முரசு அடுத்த ஊருக்குப் போனதும், எல்லோரும் கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்கள்.