கழி அண்ணன் தலைக்குள் இருந்த ஸ்விங்

ஒரு பந்தைக்கூட அடிக்காமல் இந்தத் தீவிலேயே கோல்ஃபை முழுசாகத் தெரிந்துவைத்திருந்த ஒரே மனிதர் எங்கள் கழி அண்ணன்தான். இதை யாராவது மறுத்தால் நான் சண்டைக்கு வர மாட்டேன். சண்டை என்றாலே எனக்குப் பயம். ஆனால் மனத்துக்குள் ஒத்துக்கொள்ளவும் மாட்டேன்.

செம்பவாங் பக்கம் கோல்ஃப் அடித்துப் பழகும் திடல் ஒன்று இருந்தது. வரிசையாகத் தடுப்புகள், ஒவ்வொன்றிலும் ஒருவர் நின்று வெட்டவெளியைப் பார்த்து விளாசிக்கொண்டிருப்பார். முகப்பில் பந்துக்கூடை கொடுக்கிறவள் நான். உயர்நிலை இரண்டோடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவளுக்கு அதுவே பெரிய பதவி. கழி அண்ணன், கம்பிக்கூண்டு போட்ட வண்டியில் போய்ச் சிதறிக் கிடக்கும் பந்துகளை வாரி வருகிறவர். அதற்கு முன் கப்பல் பட்டறையில் இருந்தார். சாரத்திலிருந்து விழுந்ததில் வலது கை தோளுக்கு மேலே எழும்பாது. தலை வாருவதுகூட இடது கையால்தான்.

கூண்டுக்குள் உட்கார்ந்து, தன்னை நோக்கிப் பறந்து வரும் பந்துகளை வருஷக்கணக்காகப் பார்த்துப் பார்த்தே அவருக்கு ஞானம் வந்தது. "பந்து வளையிறத வச்சே, அடிச்சவன் இடுப்பு எங்க தூங்குச்சுன்னு சொல்லிருவேன் தங்கச்சி" என்பார்.

அந்த ஞானத்தை ஊருக்கு வழங்க, அடுக்குமாடி ஜன்னலுக்கு வெளியே துணி காயப்போடும் மூங்கில் கழி ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். தடுப்பின் ஓரத்துப் புல்லில் அதைச் சாய்வாக ஊன்றுவார். "இதான் பாதை. மட்டை இந்தச் சாய்வுலயே ஏறணும், இதுலயே இறங்கணும். சாய்வுக்கு மேலேருந்து வந்தா பந்து வலப்பக்கம் ஓடும். கீழேருந்து வந்தா இடப்பக்கம் ஓடும். தூக்கும்போது தோள் நல்லாத் திரும்பணும், இடுப்பு பாதிதான். ஈரப் போர்வையப் பிழியிறோம்ல, அப்படி. இறங்கும்போது மொதல்ல இடுப்பு, கடைசியில கை. கை முந்துச்சுன்னா கத முடிஞ்சுச்சு."

எல்லாம் சரி. யாரும் அவரைக் கேட்கவில்லை என்பதுதான் சிக்கல்.

ஒருநாள் அண்ணன் ஒரு வக்கீல் பின்னால் போய் நின்றுகொண்டு, "சார், உங்க கைக்கு என்ன அவசரம், எம்ஆர்டி ரயில் கதவு மூடுதா?" என்றார்.

"நான் உங்களக் கேட்டேனா?" என்று வக்கீல் திரும்பினார்.

"நீங்க கேக்கல சார். உங்க பந்து கேக்குது."

வக்கீல் நேராக என்னிடம் வந்து புகார்ப் படிவம் கேட்டார். படிவம் என் முழங்கைக்கு அடியிலேயே இருந்தது. "தீர்ந்துபோச்சு சார், அடுத்த வாரம் வரும்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் அதன்பிறகு எங்கள் திடலில் புகார்ப் படிவம் எப்போதுமே தீர்ந்துதான் இருந்தது.

சட்டை விவகாரத்தை மட்டும் என்னால் மறைக்க முடியவில்லை. மேனேஜர், காப்பி கொட்டிய தன் சீருடைச் சட்டையை அலசி, அலுவலகத்துக்குப் பின்னால் இருந்த அண்ணனின் கழியில் காயப்போட்டிருந்தார். அண்ணன் பாடம் நடத்தும் வேகத்தில் சட்டையோடு கழியை உருவிவந்து ஊன்றிவிட்டார். தடுப்பில் நின்றவர் சாய்வுக்கு மேலேயிருந்து ஓங்கி இறக்க, மட்டை சட்டையைக் கவ்வ, சட்டை கையை விரித்துக்கொண்டு பறந்துபோய்த் திடலின் நடுவில் விழுந்தது. அடுத்த கால் மணி நேரம் அத்தனை பேரும் அதைக் குறிவைத்து அடித்தார்கள். அன்றைக்குப்போல எல்லாரும் நேராக அடித்து நான் பார்த்ததில்லை. பனியனோடு வெளியே வந்த மேனேஜர், "ஒன் மோர் டைம், யூ கோ ஹோம்!" என்று கத்தினார். இன்னொரு தடவை என்றால் வேலை போய்விடும். அண்ணன் என் பக்கம் குனிந்து, "பாத்தியா, குறி இருந்தா எல்லாருக்கும் இடுப்பு வேல செய்யுது" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தையில் காய்கறி வாங்கப் போனபோது, புரோட்டாக் கடை வரிசையில் அண்ணன் நின்றார். மாஸ்டர் மாவை வீசுவதையே பார்த்தவர், "அங்க பாரு தங்கச்சி, கால் அசையல, இடுப்பு திரும்புது, கை சும்மா கூட வருது! தம்பி, நீ கோல்ஃப் ஆடணும்பா!" என்று கூவினார்.

"அண்ணே, வெறும் கோசோங்கா, முட்டை போட்டதா? அத மொதல்ல சொல்லுங்க. பின்னால ஆளு நிக்குது."

திரும்பி வரும் பேருந்தில் அண்ணன் வலது தோளைத் தேய்த்துக்கொண்டே வந்தார். பிறகு சொன்னார்: "மட்டை வீசுற ஸ்விங் ஒண்ணு என் தலைக்குள்ள இருக்கு தங்கச்சி. ஒரு பிசிறில்லாம இருக்கு. இந்தத் தோள் அத வெளிய விட மாட்டேங்குது. வேற யாரு ஒடம்புலயாவது ஒரே ஒரு தடவ பாத்துட்டாப் போதும். நீ அடிச்சுப் பாரேன்."

"ஐயோ, நான் மாட்டேண்ணே. மட்டை கை நழுவி யாரு மண்டையிலயாவது விழுந்தா?"

வருஷா வருஷம் கேட்டார். நானும் வருஷா வருஷம் ஒரு புது மண்டையைச் சொல்லித் தப்பித்தேன்.

பிறகு அந்த நிலத்தில் வீடுகள் வரப்போவதாகக் கடிதம் வந்தது. கடைசி நாள் மாலை நாலு மணிக்குத் தடுப்புகள் காலி. அண்ணன் அன்றைக்கு யாரையும் திருத்தவில்லை. என் முகப்புக்கு எதிரே வந்து சும்மா நின்றார். இந்தத் தடவை கேட்கவில்லை. அவர் கேட்காததுதான் எனக்குத் தாங்கவில்லை. நானே போய் வாடகை மட்டை ஒன்றை எடுத்தேன்.

முதல் வீச்சு காற்றுக்கு. இரண்டாவது விரிப்பை உரித்தது. "லூசா விடு லா, மட்டை என்ன கடிக்கவா போவுது?" என்றார் அண்ணன். மூன்றாவதுக்குப் பயத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். மூடியதும் கவலைப்பட எதுவும் தெரியவில்லை. தோள் திரும்பியது. இடுப்பு தானே முன்னால் போனது. கை பின்னாலேயே வந்தது. பந்து பட்டதே தெரியாமல் 'டக்' என்று ஒரு சத்தம்.

கண்ணைத் திறந்தேன். "பந்து எங்கண்ணே?"

"தெரியாது லா. நான் பந்தையா பாத்தேன்? ஒன்னையில்ல பாத்துக்கிட்டிருந்தேன்."

"சரியா இருந்துச்சா?"

அவர் எனக்கு முதுகைக் காட்டியபடி இடது கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அதேதான் தங்கச்சி" என்றார். "அச்சு அசல் அதே."

பள்ளிக்கூடத்தில்கூட என்னிடம் யாரும் 'சரி' என்று சொன்னதில்லை.

அண்ணன் இப்போது கடல் தாண்டி பெர்த் நகரத்தில், மகள் வீட்டில். தீபாவளிக்குக் குரல் செய்தி அனுப்புவார். பேரப்பிள்ளைகள் யாருக்கும் கோல்ஃப் பிடிக்கவில்லையாம். திடல் இருந்த இடத்தில் தடுப்புப் பலகை அடைத்துக் கட்டுமானம் நடக்கிறது. மார்சிலிங்கில் இருக்கும் என் வீட்டுக்கு வேறு பேருந்தில் போனால் சீக்கிரம் போகலாம். ஆனாலும் நான் திடல் இருந்த வழியாகத்தான் போகிறேன்.

எப்போது வருவீர்கள் என்று கேட்கப் பயமாக இருக்கிறது. வர மாட்டேன் என்று சொல்லிவிட்டால்? வந்தால் இன்னொரு முறை அடித்துக் காட்டுவேன், கண்ணைத் திறந்துகொண்டு. பந்து எங்கே வேண்டுமானாலும் போகட்டும். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.