தலைவருக்கு மூன்று பொட்டு

"ஒருத்தரை மட்டும் மியூட் பண்ண முடியுமா, பாஸ்?" என்று ஷாமினி கடைக்காரரிடம் கேட்டதும் கமலநாதனுக்குச் சுருக்கென்றது.

"யாரைம்மா மியூட் பண்ணப் போற?"

"சும்மா, பொதுவா கேட்டேன் அங்கிள்."

பொதுவாகவாம்! குழுவில் இருப்பதே நாலு பேர். பல் கிளினிக்கில் வேலை செய்யும் இந்த ஷாமினி ஒருத்தி. டயர் கடை அய்யாவு ஒருத்தர். சொந்தமாக இரண்டு லோரி வாங்கிவிட்ட தெம்பில் எதற்கெடுத்தாலும் கையைக் கட்டிக்கொண்டு சிரிக்கும் முகுந்தன் ஒருத்தன். இவர்களைத் தள்ளினால் மிச்சம் யார்? 'கிள்ளான் சூறாவளி மோட்டார் குழு'வைத் தொடங்கிய நாளிலிருந்து அதன் தலைவராக இருக்கும் கமலநாதன்தான். முதுகில் 'தலைவர்' என்று எழுதிய ஆரஞ்சு ஜாக்கெட்டை மஸ்ஜித் இந்தியாத் தெருத் தையல் கடையில் சொந்தக் காசில் தைத்துப் போட்டுக்கொண்டிருக்கும் மனிதரைப் போய் மியூட் பண்ணுவதா?

ஹெல்மெட்டுக்குள் பொருத்திப் பேசும் கருவி வாங்க எல்லோரும் செந்தூலுக்குக் கிளம்பி வந்ததற்குக் காரணம், போன மாதம் நடந்த கூத்து. பந்திங் போகிற வழியில் கமலநாதன் இடது கையை நீட்டி, 'மெதுவா வாங்க' என்று சைகை காட்டினார். அய்யாவு அதை 'நீ முன்னால போ' என்று எடுத்துக்கொண்டு, கண்ணில் பட்ட முதல் சந்தில் திரும்பிப் போய்விட்டார். ஊரெல்லாம் தேடி, கடைசியில் போர்ட் கிள்ளான் படகுத்துறையில் மீ கோரெங் சாப்பிட்டுக்கொண்டிருந்த மனிதரைக் கண்டுபிடித்தார்கள்.

அன்றைக்கே முகுந்தன் வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டான்: 'கேமரன் மலை ரைடுல புதுத் தலைவருக்கு ஓட்டு எடுத்துடலாம்.' மற்ற இரண்டு பேரும் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்கள். பேச்சில்லை, வார்த்தையில்லை, வெறும் கட்டை விரல்! அதைப் பார்த்ததிலிருந்து கமலநாதனுக்குச் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்த ஜாக்கெட்டைப் போடாமல் அவர் என்ன செய்வார்?

கடைக்காரர் சோலையப்பன் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். "இது சங்கிலி மாதிரி. ஒருத்தர்கிட்டேருந்து அடுத்தவருக்குப் போகும். நடுவுல ஒருத்தர் பெட்ரோல் போட நின்னுட்டா பின்னால வர்றவங்களுக்குக் கட்டாயிடும். விலை கம்மி. இது மெஷ். வலை மாதிரி. யார் பேசினாலும் எல்லாருக்கும் கேட்கும்."

"சங்கிலியே போதும்லா," என்றான் முகுந்தன். "அப்பப்ப கட்டாச்சுன்னா நிம்மதியா இருக்கும்."

"என்ன நிம்மதி?"

"பேட்டரிக்குச் சொன்னேண்ணே."

கமலநாதனுக்கு வந்ததே கோபம்! "தலைவன் பேசறது கடைசி ஆளுக்கும் கேட்கணும்டா. மெஷ்தான். எல்லாருக்கும் ஒரே பிராண்டு. நான் தேர்ந்தெடுத்த சாமான் சரியா வேலை செய்யலேன்னா நானே பதவிய விட்டுட்டுப் போயிடறேன், போ!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். அதற்குள் முகுந்தன், "சரிண்ணே, எல்லாரும் கேட்டுக்கிட்டாங்க," என்று தலையாட்டிவிட்டான்.

சோலையப்பன் நாலு ஹெல்மெட்டிலும் கருவியை மாட்டினார். காதருகே ஸ்பீக்கர், வெளியே பக்கவாட்டில் பேட்டரி, உள்ளே வாய்க்கு நேரே பஞ்சு போர்த்திய பொத்தானளவு மைக். கமலநாதன் கடை வாசலில் நின்று சாலை ஒழுக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசிப் பார்த்தார். தெருக்கோடியில் நின்ற மூவருக்கும் மணி மணியாகக் கேட்டது. அய்யாவு மட்டும் ஹெல்மெட்டைக் கழற்றிக் காதைக் குடைந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி குமுதா பிடித்துக்கொண்டாள். "புதுச் சாமானைப் பூசை போடாம ரோட்டுக்கு எடுக்கறதா? நல்லா இருக்கே!"

குமுதாவுக்கு அவருடைய ரைடு என்றால் அவ்வளவு அக்கறை. ஞாயிற்றுக்கிழமை அவர் எழுந்திருப்பதற்கு முன்பே ஜாக்கெட்டுக்கு இஸ்திரி போட்டு, காலணியை வாசலில் எடுத்து வைத்துவிடுவாள். எத்தனை வீட்டில் இப்படி ஒரு பெண்டாட்டி கிடைப்பாள்?

சாலையோர முனீஸ்வரன் கோயிலில் பூசாரி நாகையா நாலு ஹெல்மெட்டையும் வரிசையாக வைத்து எலுமிச்சம்பழம் நறுக்கினார். மற்ற மூன்றுக்கும் நெற்றியில் ஒவ்வொரு சந்தனப் பொட்டு. கமலநாதனின் ஹெல்மெட்டுக்கு மட்டும் நெற்றியில் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, உள்ளே கைவிட்டு வாய்ப்பக்கம் ஒன்று, ஆக மூன்று.

"எனக்கு மட்டும் ஏன் மூணு?"

"தலைவர் இல்லீங்களா?" என்றாள் குமுதா.

கமலநாதன் முகுந்தனைத் திரும்பிப் பார்த்தார். அவனுக்கு ஒரே ஒரு பொட்டுதான்.

முதல் ரைடு குவாலா சிலாங்கூருக்கு. மூக்குக்கு நேரே சந்தன வாசம் கமகமக்க, கமலநாதன் உற்சாகமாகத் தொடங்கினார். "காலை வணக்கம். தலைவர் பேசுகிறேன். அய்யாவு, இடது பக்கம் வா. முகுந்தா, இடைவெளி விடு."

ஒருவரும் அசையவில்லை. முகுந்தன் பாட்டுக்குப் பழைய பாட்டு ஒன்றை முனகிக்கொண்டு வந்தான். ஷாமினி, "எனக்குப் பசிக்குது. ஆனா நிறுத்தச் சொன்னா அங்கிள் பசியை அடக்கறது எப்படின்னு ஆரம்பிச்சுடுவாரு," என்றாள்.

என்ன திமிர்! கமலநாதன் உடனே பசியை அடக்குவது எப்படி என்று ஆரம்பித்தார். மூச்சு வாங்கப் பேசினார். பதிலில்லை. பேசுகிற தலைவரை மதிக்காமல் அவர்கள் நாசி லெமாக்கைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார்கள். இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று வண்டியை ஒரு சாப்பாட்டுக் கடை ஓரம் நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றினார்.

வாயைத் திறப்பதற்குள் ஷாமினி ஓடி வந்தாள். "தேங்க்ஸ் அங்கிள்! பசிக்குதுன்னு சொன்னதும் நிறுத்திட்டீங்களே!"

"என்னண்ணே, வழி முழுக்க ஒரு வார்த்தை பேசல?" என்றான் முகுந்தன். "மைக் கெட்டுப் போச்சா?"

கமலநாதனுக்குத் திக்கென்றது. அப்படியானால் இத்தனை நேரம் பேசியது யாருக்கும் கேட்கவில்லையா? கெட்டுப் போச்சு என்று ஒப்புக்கொண்டால், விட்ட சவாலுக்குப் பதவியை இங்கேயே கழற்றிக் கொடுக்க வேண்டியதுதான்.

"மைக்குக்கு என்ன கேடு? தலைவன்னா மத்தவங்க பேசறதக் கேட்கவும் தெரியணும்," என்று சமாளித்தார்.

அய்யாவு அவரை ஏற இறங்கப் பார்த்தார். "உடம்புக்கு ஒண்ணும் இல்லியேண்ணே?"

திரும்பும் வழியில் சோதனைக்காக ஹெல்மெட் வழியாகவே குமுதாவுக்குப் போன் போட்டார்.

"ஹலோ? ஹலோ? யாரு? ஒண்ணுமே கேட்கலையே!" என்று குமுதா சொல்லிவிட்டு வைத்தாள். அவள் குரல் அவ்வளவு குளுமையாக இருந்து அவர் கேட்டதே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் வெடித்தார். "பகல் கொள்ளை! மைக்கா இது? ஊமைக் கழுதை! அந்தச் சோலையப்பனை இன்னிக்கு உண்டு இல்லேன்னு ஆக்கிடறேன்!"

"பொட்டோட கொண்டு போனா பழைய சாமான்னு சொல்லி எடுத்துக்க மாட்டான். இப்படிக் குடுங்க," என்று குமுதா ஹெல்மெட்டை வாங்கி, உள்ளும் புறமும் பளிச்சென்று துடைத்துக் காயவைத்துக் கொடுத்தாள்.

கடையில் சோலையப்பன் சோதித்துப் பார்த்தார். மைக் கணீரென்று பேசியது. கமலநாதன் அதிலேயே அவரைத் திட்டினார். திட்டியது ஒவ்வொன்றும் தெளிவாகக் கேட்டது.

"பாஸ், மைக்ல ஒரு கோளாறும் இல்லியே."

"அப்ப கோளாறு எனக்கா?"

சோலையப்பன் ஹெல்மெட்டைப் பையில் போட்டு நீட்டினார். அந்த அவமானத்தை நெஞ்சில் சுமந்துகொண்டு கமலநாதன் வீடு திரும்பினார். "கடையில கண்டவங்க கை பட்டிருக்கும், மறுபடி ஒரு பூசை போட்டுடலாம்," என்றாள் குமுதா. மறுபடியும் முனீஸ்வரன், மறுபடியும் மூன்று பொட்டு.

அடுத்த ரைடு போர்ட் டிக்சனுக்கு. மறுபடியும் ஊமை! கமலநாதனுக்கு ரத்தம் தலைக்கேறியது. காதில் அய்யாவு புலம்பிக்கொண்டு வந்தார்: "முட்டி விண் விண்ணுன்னு வலிக்குது. ஆனா சொன்னா அண்ணன் தான் ஸ்கூல்ல ஓட்டப்பந்தயம் ஓடின கதைய எடுத்துடுவாரு."

"ஓடினேன்யா! முதலாவதா வந்தேன்! அதுக்கென்ன இப்போ?" என்று கமலநாதன் ஹெல்மெட்டுக்குள் கத்தினார். மெதுவாகப் பேசுவதால்தான் மைக் எடுக்கவில்லையோ என்று இன்னும் பலமாகக் கத்தினார். சிவப்பு விளக்கில் நின்றபோது முகக் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, "எருமை மாடு! காது கேட்குதா இல்லியா?" என்று அடிவயிற்றிலிருந்து முழங்கினார்.

மைக் எடுக்கவில்லை. பக்கத்தில் நின்ற போக்குவரத்துப் போலீஸ்காரர் நன்றாகவே எடுத்துக்கொண்டார். ஓரம் கட்டச் சொல்லி, யாரைத் திட்டுகிறீர்கள் என்று மலாய் மொழியில் கேட்டார். யாருமில்லை என்றார் கமலநாதன். யாருமில்லாமல் திட்டுகிற ஆளைப் பார்த்து அவர் இரக்கப்பட்டு, வெயில் தாழும்வரை மர நிழலில் உட்காருங்கள் அங்கிள் என்று தண்ணீர் போத்தலையும் கொடுத்துவிட்டுப் போனார்.

பின்னால் வந்து நின்ற அய்யாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "என் முட்டி வலிக்குதுன்னு போலீஸ்கிட்டயே பேசி நிழல்ல இடம் வாங்கிட்டீங்களேண்ணே!"

கமலநாதன் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்தார். வேறு என்ன செய்ய முடியும்?

மறுபடியும் குமுதா துடைத்துக் கொடுக்க, மறுபடியும் செந்தூல். இந்த முறை அவர் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். கடையில் அந்த மைக் ஒழுங்காகத்தான் பேசியது, இருந்தும் சோலையப்பன் கையெடுத்துக் கும்பிட்டு, பெட்டி பிரிக்காத புதுக் கருவியை மாட்டிக் கொடுத்தார். "ஒரு காசு வேணாம் பாஸ். இனிமே இந்தப் பக்கம் வராம இருந்தா போதும்."

"இது வேற புதுசாச்சே," என்று குமுதா பூசைத் தட்டை எடுத்துவிட்டாள்.

கேமரன் மலை ரைடு. ஓட்டு நாள். தாப்பாவில் மலை ஏறத் தொடங்கியதும் கமலநாதன் பேசிப் பார்த்தார். ம்ஹூம்! பெட்டி பிரிக்காத புது மைக்கும் செத்துக் கிடந்தது. இது கடைக்காரனின் மோசடியேதான், ஒட்டுமொத்தக் கம்பெனியே திருட்டுக் கம்பெனி என்று பல்லைக் கடித்தார். வளைவுக்கு வளைவு மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு வருவதைத் தவிர வழியில்லை. முகுந்தனின் லோரி ஒன்று வாரக் கணக்கில் பழுதாகி நிற்பதும், அதைச் சொல்ல அவனுக்கு ஓர் ஆளில்லை என்பதும் அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

மலை மேல் தேநீர்க் கடையில் உட்கார்ந்ததும் முகுந்தன் எழுந்தான். கமலநாதன் ஜாக்கெட்டின் ஜிப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"ஓட்டே தேவையில்ல," என்றான் முகுந்தன். "நான்தான் ஆரம்பிச்சேன், நானே சொல்றேன். அண்ணன் முன்ன மாதிரி இல்ல. மைக் கையில இருந்தும் பேசாம, நாம பேசறதக் கேட்கறாரு. பசின்னா நிறுத்தறாரு, வலின்னா நிறுத்தறாரு. இவரை விட்டா நமக்கு வேற தலைவர் யாரு?"

ஷாமினியும் அய்யாவும் கை தட்டினார்கள். "நிரந்தரத் தலைவர்!" என்றாள் ஷாமினி.

கமலநாதனுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. கூடவே வயிறும் எரிந்தது. இத்தனை வருஷம் தொண்டை கிழியப் பேசினேனே, அதற்கு ஒரு நன்றி உண்டா? பேசாததற்குப் பதவியா? என்ன அநியாயம் இது! ஏற்புரைக்கு அவரிடம் ஏராளமாக விஷயம் இருந்தது. மைக் சரியாகட்டும், இறங்கும் வழி முழுக்கச் சொல்லிவிட வேண்டும் என்று பார்த்தார். அதற்கும் மைக் வாய் திறக்கவில்லை.

ஊர் திரும்பியதும் நன்றி சொல்ல நேரே முனீஸ்வரன் கோயிலுக்குப் போனார். நாகையா தேங்காய் உடைத்து, திருநீறு கொடுத்தார். கமலநாதன் பொரிந்து தள்ளினார்.

"பதவி தங்கிடுச்சு நாகையா, சாமி புண்ணியம். ஆனா அந்தச் சோலையப்பனை விடப் போறதில்ல. கேஸ் போடறேன். மூணு தடவை ஏமாத்திட்டான். கடையில பேசுது, ரோட்டுல ஊமை. புதுசு, பெட்டி பிரிக்காதது, அதுவும் ஊமை! நாளைக்கே வக்கீலைப் பார்க்கறேன்."

நாகையா சந்தனக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். குமுதா எங்காவது நிற்கிறாளா என்று சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, கிட்டே வந்தார்.

"பாவம், கடைக்காரர் மேல கேஸ் எல்லாம் வேணாம் தலைவரே, அந்த மைக்குப் பஞ்சுல சந்தனத்த நல்லா அழுத்தி அடைக்கச் சொன்னதே நம்ம அக்காதான், 'இவரு பேசிப் பேசியே பதவி போச்சுன்னா ஞாயித்துக்கிழமையும் வீட்டுல உட்கார்ந்து என்கிட்டயே பேசுவாரு பூசாரி'ன்னு அழுதுட்டாங்க."