தானாக நிற்காத சார்ஜர்

ஆர்விலுக்குக் குளிரைக் கண்டு பயமில்லை. மினசோட்டாவில் பிறந்து வளர்ந்தவர், பனியை வாரிக் கொட்டியே முதுகு வளைந்தவர். அவருக்குப் பயமெல்லாம் டெல்மரைக் கண்டுதான்.

டெல்மர், ஆர்விலின் மனைவி மார்லிஸுக்கு அண்ணன். அவருடைய பித்தப்பையை டாக்டர்கள் எடுத்துவிட்டார்கள். அதைப் பற்றிய பேச்சை மட்டும் யாராலும் எடுக்க முடியவில்லை. அப்பேர்ப்பட்டவர் இந்தக் குளிர்காலம் முழுக்கத் தங்கை வீட்டில் தங்கப்போவதாக மார்லிஸ் அறிவித்தாள். அந்த நிமிஷமே ஆர்வில் சபதம் எடுத்தார்.

"இந்த வருஷம் ஒரு பேட்டரியைக்கூடச் சாகவிட மாட்டேன்!"

"வருஷா வருஷம் சாகுது. ஒரு தடவைகூட நீ அழுததில்லையே?" என்றாள் மார்லிஸ்.

"திருந்திட்டேன்."

திருந்தவில்லை, திட்டம் போட்டிருந்தார். கராஜில் பழைய லாரி ஒன்று, கோடைக்கு மட்டும் எடுக்கிற கார் ஒன்று, ஏறி உட்கார்ந்து புல் வெட்டுகிற வண்டி ஒன்று. மூன்றும் பனி உருகும்வரை தூங்கும். சும்மா விட்டால் பேட்டரி இறங்கி, உறைந்து, வெடித்துப்போகும். ஆகவே சார்ஜர் வேண்டும். சார்ஜருக்குக் காவலாக ஓர் ஆள் வேண்டும். ஆள் என்றால் அவருக்கு ஹீட்டர், ரேடியோ, சாய்வு நாற்காலி எல்லாம் வேண்டும். இவை மூன்றும் கராஜில் ஏற்கெனவே இருந்தன.

கடைக்காரர் ஸ்வென்சன் நாலு வயர் வைத்த பெட்டி ஒன்றை எடுத்து வைத்தார். "இதுதான் நல்லது. எல்லா பேட்டரிக்கும் ஒரே நேரத்துல மாட்டலாம். நிறைஞ்சா தானா நிக்கும், இறங்கினா தானா ஏத்தும். மாட்டிட்டு வசந்தம் வரைக்கும் மறந்துடலாம்."

"மறந்துடலாமா?" ஆர்விலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மறக்க முடியாத மாதிரி ஒண்ணு குடுங்க."

"புரியலியே?"

"ஒண்ணொண்ணா மாட்டணும். தானா நிக்கக்கூடாது. ஆள் கிளம்பினா பேட்டரி கொதிக்கணும்."

ஸ்வென்சன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மேல் அலமாரியில் தூசி படிந்து கிடந்த ஒன்றை இறக்கினார். "இதைக் கேட்டு யாரும் வந்ததில்ல. ஆர்வில், வீட்ல எல்லாம் நல்லா இருக்காங்களா?"

"இருக்காங்க. இன்னும் ஒருத்தர் வரப்போறார்," என்றார் ஆர்வில் சோகமாக.

டெல்மர் வந்தார். வந்த முதல் சாப்பாட்டிலேயே, "மச்சான், என்னை மேஜைமேல கிடத்தினாங்க பாரு..." என்று தொடங்கினார்.

"ஐயையோ, பேட்டரி கொதிக்கும்!" என்று ஆர்வில் எழுந்து ஓடினார்.

சில நாள் சொர்க்கம்தான். கால்மேல் கால், காதில் ரேடியோ. பிறகு ஒரு நாள், உருளைக்கிழங்கைப் பரிமாறிக்கொண்டே மார்லிஸ் மெல்ல ஆரம்பித்தாள்.

"அந்த சார்ஜர் பக்கத்துல ஆள் இருந்தே ஆகணுமா?"

"கட்டாயம்."

"தானா நிக்கிற மாதிரி வாங்கியிருக்கலாமே?"

"அதையெல்லாம் நம்ப முடியாது மார்லிஸ். கண்ணால பாத்துக்கிட்டே இருக்கணும்."

"பாவம், உன் முட்டிக்கு அந்தக் குளிர் ஆகாதே! எனக்குச் சொல்லிக் குடு."

ஆர்வில் சிரித்தார். பெருமையாகச் சொல்லியும் கொடுத்தார். சிவப்பு இங்கே, கறுப்பு அங்கே, முள் இந்தக் கோட்டைத் தொட்டால் கழற்று. அவள் மூன்றே நிமிஷத்தில் கற்றுக்கொண்டு கராஜ் சாவியை ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"இனிமே கராஜுக்கு நான்தான் சார்ஜ். நீ அண்ணனோட உக்காந்து பேசு."

"பேசறதா? நானா?"

"கேளு."

கேட்டார். டெல்மர் வலியை வகை பிரித்துச் சொன்னார். தையலை எண்ணிக் காட்டினார். சட்டையையும் தூக்கிக் காட்டினார். தாங்க முடியாமல் ஆர்வில் ஸ்வென்சன் கடைக்கு ஓடி, அந்த நாலு வயர் பெட்டியை வாங்கி வந்து கராஜ் கதவைத் தட்டினார். காவலுக்கு வேலையில்லாமல் போனால் அவளும் உள்ளே வந்துதானே ஆகவேண்டும்? துன்பத்தில் பாதியாவது குறையுமே!

மார்லிஸ் சாய்வு நாற்காலியில் இருந்தாள். கால் புல்வெட்டி வண்டியின்மேல், மடியில் ஒரு தட்டு ஆப்பிள் பலகாரம், ரேடியோவில் பாட்டு.

"இதோ, தானா நிக்கிறது! எல்லாத்தையும் மாட்டிட்டு உள்ள வந்துடு," என்றார்.

அவள் வாங்கினாள். மாட்டினாள். பச்சை விளக்குகள் எரிந்தன. பிறகு திரும்ப நாற்காலியிலேயே உட்கார்ந்தாள்.

"வரலியா?"

"தானா நிக்கிறதை நம்ப முடியாதுன்னு நீதானே சொன்ன? கண்ணால பாத்துக்கிட்டே இருக்கேன்."

"மார்லிஸ், அவன் உன் அண்ணன்!"

"அதனாலதான். அந்தப் பித்தப்பை அவன் வயித்துல இருந்த காலத்துலேருந்து நான் கேட்டாச்சு. கதவைச் சாத்திட்டுப் போ, குளிருது."

ஆர்வில் பனியில் நின்றார். வீட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"மச்சான், எங்க போயிட்ட? விட்ட இடம் மறந்துபோச்சு. பரவாயில்ல வா, முதல்லேருந்தே சொல்றேன்."