பச்சைப் பொத்தான், பச்சைப் பொய்

என் மூச்சு, என் உரிமை. இதற்கு இனி யாருக்கும் பதில் சொல்ல மாட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பல் தேய்க்கும்போது இப்படி ஒரு வீர முடிவு எடுத்தேன். சத்தமாக எடுக்கவில்லை. பெனிட்டா பக்கத்தில்தான் இருந்தாள்.

பெனிட்டா என் மனைவி. நான் மார்ட்டின், அந்தமானில் வண்டூரில் படகு இன்ஜின் மெக்கானிக். எவ்வளவு கிழட்டு இன்ஜினையும் இருமாமல் ஓட வைத்துவிடுவேன். என் நெஞ்சுக்குள் ஓடுகிற இன்ஜினிடம்தான் என் வித்தை பலிக்கவில்லை. ஆஸ்துமா.

மழை சீசன் தொடங்கியபோது, போர்ட் பிளேரில் டாக்டரம்மா என் போனில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்தார். இருமல் உண்டா, இழுப்பு உண்டா, தினசரி மருந்து உறிஞ்சியாச்சா என்று அது கேட்கும். நன்றாக இருந்தால் பச்சை. சுமார் என்றால் மஞ்சள். மோசம் என்றால் சிவப்பு. நான் அமுக்குவது டாக்டருக்குப் போகும். அதோடு விட்டிருக்கலாம். "வீட்டில் வேறு யாருக்காவது தகவல் போகணுமா?" என்று டாக்டரம்மா இந்தியில் கேட்டார். பெனிட்டா தன் போனை நீட்டிவிட்டாள். அவர்களுக்கு அது ஆப். எனக்கு ஆப்பு.

முதல் வாரம் அப்பாவியாக உண்மை பேசினேன். மஞ்சள் அமுக்கினேன். சமையலறையில் அவள் போன் சிணுங்கியது. அவ்வளவுதான். கடலுக்குப் போகத் தடை. கருவாடு சுடத் தடை. மழையில் நனையத் தடை. மறுநாளிலிருந்து நான் பச்சை. இழுத்தாலும் பச்சை, இருமினாலும் பச்சை. தொண்டை கரகரக்கிறது என்று தினசரி மருந்தையும் விட்டுவிட்டேன். அவசரத்துக்குத்தான் சட்டைப் பையில் நீல இன்ஹேலர் இருக்கிறதே!

அவள் போன் சிணுங்குவது நின்றது. ஆனால் அவள் வாய் நிற்கவில்லை. தினம் காலையில் ஏதாவது ஒரு சண்டை. அன்றும் அப்படித்தான்.

"ஈரத் துண்ட ஏன் கட்டில்ல போட்டீய?"

"எங்க போட்டேன்? நீதான்..." மூச்சு வாங்கியது. "...நீதான் எடுத்து..."

"எடுத்து?"

"எடுத்து... வச்சிருப்ப."

"நேத்தும் நாந்தான் வச்சேனா?"

பதில் நாக்கு நுனியில் இருந்தது. அதைத் தள்ளக் காற்றுதான் இல்லை. பெருந்தன்மையாக விட்டுக்கொடுப்பதுபோல் கையை ஆட்டினேன். அவள் என்னையே ஒரு மாதிரி பார்த்தாள்.

"சரி, நான் பூசைக்குப் போயிட்டு வாரேன். நீங்க எங்கயும் போறீயளா?"

"பெரார்கஞ்ச்ல ஒரு இன்ஜின் ரிப்பேர்."

"ஞாயித்துக்கிழமையா?"

"இன்ஜினுக்கு ஏது ஞாயித்துக்கிழமை?"

அவள் தெருமுனை தாண்டியதும், பக்கத்து வீட்டு சுரேந்திரன் வேலிக்கு மேல் தலையை நீட்டினான். அவனிடம் சொந்தமாக ஒரு டுங்கி உண்டு. மோட்டார் வைத்த சின்னப் படகு.

"அண்ணே, வெளிக்கடல்ல சீலா மீன் துள்ளுதாம். அண்ணி சம்மதிச்சாங்களா?"

"என் வீட்ல என் சம்மதம் போதும்டா."

சொல்லிவிட்டு, யாராவது கேட்டார்களா என்று திரும்பிப் பார்த்தேன். பிறகு ஆப்பைத் திறந்து பச்சையை அமுக்கி, தூண்டிலைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

தீவுகளைத் தாண்டும்வரை சொர்க்கம். சுரேந்திரன் ஒரு சீலாவைக்கூட இழுத்துப் போட்டான். அதற்குள் மேற்கே வானம் கறுத்தது. சில்லென்று காற்று, பின்னாலேயே மழை. "சலோ, திரும்புவோம்" என்று அவன் படகைத் திருப்பினான். இன்ஜின் ஒரு தடவை கக்கியது. கரும்புகை பொங்கி வந்தது. நான் குனிந்து பார்த்தேன். புகை மொத்தமும் என் மூக்குக்குள் போனது.

இன்ஜின் நின்றது. கூடவே என் மூச்சும் பாதி நின்றது.

நெஞ்சைச் சுற்றி யாரோ கயிறு போட்டு இறுக்குவதுபோல் இருந்தது. நீல இன்ஹேலரை எடுத்து வாயில் வைத்து அமுக்கினேன். புஸ் என்று வெறும் காற்று. குலுக்கிவிட்டு மறுபடி அமுக்கினேன். அதுவும் இல்லை. ஆப்புக்குத் தெரியாமல் திருட்டுத்தனமாக உறிஞ்சியே தீர்த்திருக்கிறேன்.

"அண்ணே! என்னாச்சு? உதடெல்லாம் ஒரு மாதிரி ஆகுதே!"

பேச முடியவில்லை. போனை எடுத்தேன். டவர் இல்லை. திரையில் மட்டும் காலையில் வந்த செய்தி பளிச்சென்று நின்றது: "சபாஷ்! இன்று உங்கள் சுவாசம் சிறப்பாக உள்ளது."

அலை படகைப் பக்கவாட்டில் அடித்தது. சுரேந்திரன் ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்தான். இன்ஜின் அசையவில்லை. அவனுக்கு ஓட்டத் தெரியும், பிரிக்கத் தெரியாது. எனக்குப் பிரிக்கத் தெரியும், எழுந்து நிற்க முடியாது. டீசல் குழாயைக் காட்டினேன். வாயைக் குவித்து ஊதிக் காட்டப் பார்த்தேன். ஊதுவதற்குக் காற்றில்லை. கன்னம் மட்டும் உப்பியது.

"தண்ணி வேணுமாண்ணே?"

இல்லையென்று தலையை ஆட்டினேன். குழாயைக் காட்டி, அவன் வாயைக் காட்டி, கையெடுத்துக் கும்பிட்டேன்.

"அரே! ஊதணுமா?"

கழற்றி ஊதினான். அடைத்திருந்த அழுக்கு டீசலோடு சிதறியது. மாட்டிவிட்டுக் கயிற்றை இழுத்தான். இல்லை. இன்னொரு முறை. இல்லை. அந்த நிமிஷம் எனக்குப் பெனிட்டாவின் முகம்தான் வந்தது. பொய் சொல்லிவிட்டு வந்த கடலில் இப்படிக் கிடக்கிறேனே, இவன் போய் அவளிடம் என்ன சொல்லுவான் என்று நினைத்தேன். மாதாவே என்று மனசுக்குள் கூப்பிட்டேன். வெளியே கூப்பிடத்தான் காற்றில்லையே.

அடுத்த இழுப்பில் இன்ஜின் உறுமியது.

கரை வரும்வரை சுரேந்திரன் ஒரு கையால் ஓட்டினான். மறு கையால் என் முதுகைத் தடவிக்கொண்டே வந்தான். படகுத்துறை தெரிந்தது. அதன் நுனியில் மழையில் நனைந்தபடி ஒரு பெண் நின்றாள். பெனிட்டா! பின்னால் ஒரு ஆட்டோ.

அவள் திட்டவில்லை. படகுக்குள் குதித்தாள். முந்தானையிலிருந்து புத்தம் புது நீல இன்ஹேலரை எடுத்து என் வாயில் வைத்து அமுக்கினாள்.

"இழுங்க. மெதுவா. இன்னும் ஒண்ணு. என்னப் பாருங்க, என்ன மட்டும் பாருங்க."

அப்போதும் அவள் திட்டவில்லை. அதைப் பார்த்ததும் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் ஊசியும் மருந்துப் புகையும் ஏறி, பேச்சு வந்தது. பேச்சோடு புத்தியும் வந்திருக்க வேண்டும், வரவில்லை. டாக்டரம்மா வந்ததும் அவசரமாகப் போனை நீட்டினேன். "டாக்டர், சப் டீக் ஹை! எல்லாம் சரியா இருக்கு, பாருங்க, முழுக்கப் பச்சை."

அவர் சிரிக்காமல் தன் திரையைத் திருப்பிக் காட்டினார். என் பெயர்தான். மஞ்சள், மஞ்சள், சிவப்பு, சிவப்பு.

"இது உங்கள் மிஸஸ் போனிலிருந்து வருவது. இதைப் பார்த்துத்தான் நாளைக்கே உங்களைக் கூட்டிவரச் சொல்லியிருந்தேன்."

"அப்ப நான் அமுக்கினதெல்லாம்?"

"அது எங்கயும் போவாது" என்றாள் பெனிட்டா. "நீங்க பொய் சொல்ல ஆரம்பிச்ச அன்னைக்கே டாக்டர்ட்ட சொல்லி என் போனுக்கு மாத்திட்டேன். நீங்க ஆசைக்கு அமுக்கிக்கிட்டு இருங்கன்னு விட்டேன்."

"எனக்கு இழுக்குதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"தினம் காலைல ஏன் சண்ட போட்டேன்னு நெனைக்கீய? நல்லா இருந்தா ஒரே மூச்சுல என் பரம்பரையவே இழுப்பீய. இப்ப ரெண்டு வார்த்தைக்கு ஒரு தடவ நிக்கீய. இன்னைக்குப் பாதியிலயே விட்டுட்டீய. அதான் பூசைக்குப் போகாம மருந்துக் கடைக்கு ஓடினேன். வந்து பாத்தா டூல் பாக்ஸ் வீட்ல கெடக்கு. தூண்டிலக் காணோம்."

டாக்டரம்மாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அவர் என்னைப் பார்த்த பார்வையில் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

வீட்டுக்கு வந்தேன். மனசு தாங்கவில்லை. இத்தனை நாளும் நான் போட்டது சண்டை இல்லையாம், பரிசோதனையாம்! சரி, இனி வாயே திறக்க மாட்டேன். எதைச் சோதிப்பாள் பார்க்கலாம்.

"சோறு போடவா?" மௌனம்.

"மீன் கொழம்பு ஊத்தவா?" கஷ்டப்பட்டு மௌனம்.

"ஐயோ, பேச்சு வரல போலயே!" என்று அவள் ஓடினாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த மெஷினைத் தூக்கி வந்து மாஸ்க்கை என் மூக்கும் வாயும் சேர மாட்டி, பட்டையைக் காதுக்குப் பின்னால் இறுக்கினாள். புகை வந்தது. அவள் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து மாயாபந்தரில் இருக்கும் தன் அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"என்னங்க, அண்ணன் குடும்பத்தோட வந்து மழ முடியறவரைக்கும் நம்ம வீட்ல தங்கட்டும். வேண்டாம்னா இப்பவே வாயத் தொறந்து சொல்லிருங்க."

மாஸ்க்குக்குள் என்னால் முடிந்தவரை கத்தினேன். பெனிட்டா கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு, போனைக் காதில் வைத்தாள்.

"கெளம்பி வாங்கண்ணே. அவரு ஒண்ணும் சொல்லல."