ஏஜெண்ட் வீட்டுச் சுழலும் அலமாரி

"திறக்கப் போறீங்களா, இல்ல நானே உடைக்கட்டுமா?"

"பதறாதம்மா. கடைசி நொடியிலதான் திறக்கணும். அதுலதான் அழகே இருக்கு."

"எனக்கு இன்னிக்கு இன்டர்வியூ. வெளையாடாதீங்க."

அறுபதுகளில் உலகத்தை அழிவிலிருந்து காப்பாற்றியவை சினிமா செட்டில் அட்டையால் செய்த எரிமலைகளே. இதை வரலாற்றாசிரியர்கள் ஏற்கவில்லை. அலமாரிக்கு இந்தப் பக்கம் நின்ற காப்பீட்டு அலுவலர் ஏற்றிருந்தார். தெருவில் அவருக்கு 'ஏஜெண்ட்' என்று பெயர். அந்தக் காலத்து உளவாளிக் கேலிப் படங்களைப் பேணும் கழகத்தின் தலைவர் அவர். தலைவரையும் சேர்த்து உறுப்பினர்கள் மூவர்.

அப்படங்களின் மேன்மையை அவர் வாயால் கேட்க வேண்டும். ஏவுகணையைத் தாங்கும் நூல் திரையில் தெரிவது குறையல்ல, நேர்மை. கட்டிப்போட்ட நாயகனிடம் வில்லன் தன் திட்டத்தை ஆதியோடந்தமாக விளக்குவது அசட்டுத்தனமல்ல, 'வெளிப்படையான நிர்வாகம்'. நாயகனுக்குச் செருப்பில் டெலிபோன், உதட்டில் நக்கல். நாயகி நீச்சலுடையில் வந்து வீறிடுவாள். அவளுக்கு வேறு வேலையே இல்லையே என்று சிலர் குறைப்படுகிறார்கள். கழகம் அதை 'ஓய்வு' என்று பதிவு செய்திருக்கிறது.

அத்தகைய பெருமகனார் வீட்டில் சாதாரணக் கதவு இருக்கலாமா? படுக்கையறைக் கதவைக் கழற்றிவிட்டு, பொத்தானை அழுத்தினால் சுழலும் புத்தக அலமாரியை மாட்டியிருந்தார். அந்த மாடியறையின் ஜன்னல் கம்பிகளையும் 'தப்பிக்கும் காட்சி'க்கு வசதியாக எடுத்தாயிற்று. அன்று காலை அலமாரி அசையாமல் நின்றுவிட்டது. உள்ளே, சேலை கட்டி, சான்றிதழ்களோடு தயாராக இருந்தாள் மருந்தாளுநரான அவர் மனைவி.

தச்சர் வந்துதான் இருந்தார். ஸ்க்ரூடிரைவரை எடுத்த கையை ஏஜெண்ட் பிடித்துக்கொண்டார்.

"சார், மேல ரெண்டு ஸ்க்ரூதான். கழட்டினா அம்மா வெளிய வந்துருவாங்க."

"அவ்வளவு சுலபமா வந்தா அது காப்பாத்தினதா ஆகுமா? எந்தப் படத்திலயாவது வெடிகுண்டு அரைமணி முன்னாடியே நின்னிருக்கா?"

"நான் படம் பாக்கறதில்ல சார். அடுத்த வீட்ல கட்டில் வேலை கெடக்கு."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "இது என்ன வேலை, எந்த ஊர்ல வேலைன்னாவது தெரியுமா உங்களுக்கு?"

"எல்லாம் தெரியும்மா. நான் இருக்கேன்ல, கவலைப்படாதே."

அதன்பின் உள்ளே சத்தமில்லை. நாயகி மயங்கிவிட்டாள், மரபு காக்கப்படுகிறது என்று மகிழ்ந்த ஏஜெண்ட், கறுப்புக் கோட்டை மாட்டிக்கொள்ளப் போனார். கண்ணாடி முன் புருவத்தை ஒற்றையாய் உயர்த்திப் பழகவே கொஞ்ச நேரம் பிடித்தது.

கொல்லைப்புறம் ஜன்னலுக்குச் சாத்திய ஏணி, பக்கத்து வீட்டுக்காரர்களான எங்களுடையது. அவள் இறங்கும்போது பையை நாங்கள்தான் பிடித்துக்கொண்டோம். ஆட்டோவையும் நாங்கள்தான் கூப்பிட்டோம்.

உரிய கடைசி நொடியில் ஏஜெண்ட் தலையசைத்தார். தச்சர் ஸ்க்ரூவைக் கழற்றினார். அலமாரி கம்பீரமாகச் சுழன்றது. உள்ளே யாருமில்லை.

"பாத்தீங்களா, நேரத்துக்குத் திறந்துடுச்சு," என்றார் ஏஜெண்ட்.

அவளுக்கு வேலை கிடைத்தது. அந்த மாதமே ஊர் மாறிப் போய்விட்டாள். நாயகன் வருவதற்குள் நாயகி தப்பிப்பது மரபுமீறல் என்று கழகம் கண்டனத் தீர்மானம் போட்டது. அதை முன்மொழிந்த செயலாளருக்குப் பிறகு கல்யாணமும் ஆயிற்று. வீட்டில் எல்லாக் கதவும் கதவாகவே இருக்க வேண்டும் என்பது பெண்ணின் ஒரே நிபந்தனை. ஏஜெண்ட் இன்னமும் மனைவி போன இடத்தைத் துப்பறிந்துகொண்டிருக்கிறார்; கறுப்புக் கோட்டோடு பேருந்து நிலையத்தில் நிற்கிறார். அவள் விலாசம் இந்தத் தெருவில் பால்காரருக்குக்கூடத் தெரியும். கேட்டால் சொல்லிவிடுவோம். ஆனால் யாரிடமும் எதையும் கேட்டு அவருக்குப் பழக்கமில்லை. பதினெட்டு வருஷம் அவளிடமே ஒரு வார்த்தை கேட்டதில்லை.