போர்வைப் பாய்

போர்வைக்குள் காற்று புகுந்ததும் படகு திமிறிக்கொண்டு கிளம்பியது.

“பாத்தியா மெட்டில்டா! பாய்மரம்னா இதான்!” என்று கூவினார் சகாயம்.

அவர் மனைவி மெட்டில்டா, படகின் விளிம்பைப் பிடித்தபடி, பைக்காரா ஏரிமேல் எழும்பும் அலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சகாயம் ஓய்வுபெற இன்னும் இரண்டு மாதம். அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருஷம் லேத் மெஷினோடு நின்றவர். மனசு மட்டும் பிறந்த ஊரான மணப்பாட்டுக் கடற்கரையிலேயே தங்கிவிட்டது. குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் கற்பூர மரங்களில் காற்று இரைந்தால், சாப்பிடும் கை அப்படியே நின்றுவிடும். “அலைச் சத்தம் மாதிரியே இருக்கு” என்பார். சோறு ஆறிப்போகும்.

குன்னூரில் பிறந்த மெட்டில்டாவோ, கடலோரம் வீடு பார்க்கலாம் என்றாலே, “எனக்குத் தண்ணின்னா பயமுங்க” என்று பேச்சை முடித்துவிடுவாள்.

அந்தப் பயத்தைத் தெளிய வைக்கத்தான் இன்று துடுப்புப் படகு ஒன்றை வாடகைக்கு எடுத்தார். கோட்டுக்குள் ஒளித்து வந்த கட்டில் போர்வையை, படகுத்துறை கண்ணுக்கு மறைந்ததும் ஏற்றினார். இரண்டு துடுப்புகளில் ஒன்றுதான் கம்பம். எட்டு வயதிலேயே போர்டிங் பள்ளிக்கு மலையேறிய அவர், தான் பாய் ஏற்றுவது இதுதான் முதல் தடவை என்பதை மட்டும் மனைவியிடம் சொல்லவில்லை.

ஏரியின் நடுவில் காற்று திரும்பியது. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

“போர்வையக் கழட்டுங்க!”

“கழட்டக் கூடாது. கயித்தத்தான் இறுக்கணும்.”

கை போதாமல், கயிற்றைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டார். அடுத்த வீச்சில் பாய் அவரையே இழுத்தது. மெட்டில்டா கோட்டைப் பிடித்து நிறுத்தினாள். முடிச்சை அவிழ்த்த பிறகுதான் கம்பம் ஆடுவது தெரிந்தது. அதைப் பிடிக்கப் போனவர் தவறித் தட்டிவிட, துடுப்பும் போர்வையும் தண்ணீரோடு போயின.

“போனாப் போகுது. இன்னொரு துடுப்பு இருக்கே” என்றார்.

ஒற்றைத் துடுப்பைப் போடப் போட, படகு நின்ற இடத்திலேயே சுற்றியது. அலை உள்ளே தெறித்தது. டிபன் கேரியரைத் திறந்து தண்ணீரை இறைத்தார். எலுமிச்சைச் சாதம் முதலில் போனது.

“அதோ, அந்தக் கரைக்குப் போயிரலாம்” என்று சகாயம் கைகாட்டிய இடத்தில், தண்ணீருக்குள் பட்டுப்போன மரக் கட்டைகள் முள்முள்ளாக நின்றன. அடுத்துக் காட்டிய இடத்தில் காற்று நேராக வந்து மோதியது.

“அங்க வேண்டாமுங்க. அந்த மேட்டுக்கு அந்தப் பக்கம் போனா காத்து அடிக்காது.”

“உனக்கு என்ன தெரியும்?”

அவள் துடுப்பை வாங்கினாள். வலப்பக்கம் இரண்டு, இடப்பக்கம் இரண்டு என்று மாற்றிமாற்றிப் போட்டாள். படகு முரண்டு பிடிப்பதை விட்டு நேராகப் போனது. மேட்டைச் சுற்றியதும் காற்று சட்டென்று அறுந்தது. சோலை மரங்களின் நிழலில் தண்ணீர் கண்ணாடி போல் கிடந்தது. படகின் கயிற்றை ஒரு வேரில் கட்டினாள்.

சகாயம் நனைந்த கோட்டோடு தலைகுனிந்து உட்கார்ந்தார்.

“ரொம்ப பயந்துட்டியா?”

“கொஞ்சம்.”

“எங்கப்பா பாய் ஏத்துனா, கரையில நிக்கிற சனமெல்லாம் பாக்கும். நானும் அதுமாதிரி ஒரு நாளாவது…” கோட்டின் நுனியைப் பிழிந்தார். “விடு. எனக்கும் கடலுக்கும் இனி ஒண்ணுமில்ல. இங்கயே இருந்துக்குவோம். உன்னப் பயமுறுத்திட்டு எனக்கு என்ன கடல் வேண்டிக் கிடக்கு?”

மெட்டில்டா அவர் கையைப் பிடித்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

அதற்குள் மோட்டார் படகின் சத்தம் கேட்டது. தேடிக்கொண்டு வந்த படகோட்டி நஞ்சப்பன் இஞ்சினை நிறுத்தினான். மெட்டில்டாவைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது.

“ஏனுங்கம்மா, நீங்களா? நெதானமா ஓட்டியாந்துட்டீங்களே! மூணு மாசமா புதன்கெழம தவறாம எங்கிட்டத் துடுப்புப் போடப் பழகுனது வீண் போகலைங்க. கடக்கரைக்குக் குடிபோறதுக்குள்ள தண்ணிப் பயம் தெளியோணும், வூட்டுக்காரருக்குத் தெரியக்கூடாதுன்னீங்களே, இப்ப இவருகிட்டச் சொல்லீட்டீங்கதானுங்களே?”