துண்டு போட்ட ஃபைல்

நம் ஊர் அலுவலகங்களில் 'முதலில் திறப்பவர்' என்றொரு இனம் உண்டு. பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியே துண்டைப் போட்டு இடம் பிடித்துவிட்டு, நிதானமாக டீ குடிக்கப் போகிறவரைப் பார்த்திருப்பீர்கள் அல்லவா? அவர் கையில் கம்ப்யூட்டரைக் கொடுத்தால் இவர்தான்.

குடவாசல் பக்கம் ஓர் உழவர் சங்கத்தில் வேலை பார்க்கும் துரைக்கண்ணு அந்த இனம். சங்கத்தில் மூன்று கம்ப்யூட்டர், ஒரே ஃபைல். எந்த வயலுக்கு என்றைக்கு அறுவடை மிஷின் போகும் என்பது அதில்தான் இருக்கிறது. ஒயர் இழுத்து மூன்றிலும் தெரியும்படி செய்திருந்தார்கள். ஆனால் முதலில் திறப்பவர்தான் அதில் எழுத முடியும், மற்றவர்கள் பார்க்கலாம். இது போதாதா? ஒன்பது மணிக்கு முன்பே வந்து, சாமி படத்துக்குப் பூ வைத்து, ஃபைலைத் திறந்து நாலு விவசாயிகளின் பெயரை ஏற்றி, ஸ்கிரீனைப் பூட்டி, கீபோர்டின் மேல் 'தொடாதீர்' அட்டையையும் சாய்த்துவிட்டுக் கிளம்பினாரானால் திரும்புவது மத்தியானம்தான்.

பக்கத்து மேஜை குந்தவை கேட்டால், "பல பேர் கை பட்டா ஃபைல் கெட்டுடும்மா. சீட்டுல எழுதி வை, நான் வந்து ஏத்திக்கிறேன்" என்பார். தான் இல்லாமல் அந்த வட்டாரத்தில் ஒரு கதிர் அறுபடாது என்று உள்ளூர நம்பினார், பாவம்.

புரட்டாசியில் ஒரு நாள், வழக்கம்போலத் திறந்து பூட்டிவிட்டு, வேதாரண்யத்தில் ஒரு காதுகுத்துக்குப் பஸ் ஏறினார். பதினொரு மணிக்கு மழை அறிவிப்பு வந்தது. தங்கள் வயலில் சாய்ந்து கிடந்த குறுவை நெல்லைப் பார்த்துவிட்டு அவர் மனைவி மலர்க்கொடி சங்கத்துக்கே ஓடி வந்துவிட்டார். மூன்று மணிக்குப் பட்டியல் மிஷின் டிரைவர் கைக்குப் போய்விடும். அதில் பெயர் இல்லையென்றால் இன்னும் நாலு நாள்.

"நம்ம பேரு இல்லைங்கிறாங்க" என்று போனில் சொன்னார்.

"சாயங்காலம் வந்து ஏத்தலாம்னு இருந்தேன். குந்தவையை எழுதச் சொல்லு."

போன் கை மாறியது. "எழுத முடியாது சார். யாரோ திறந்து வச்சிருக்காங்க."

துரைக்கண்ணுவுக்குக் கோபம் பொங்கியது. "எவன் அவன்? பொறுப்பு வேண்டாமா?"

"உங்க பேருதான் காட்டுது சார்."

பஸ் திருத்துறைப்பூண்டியில் நின்றிருந்தது.

"சுவிட்சை அணைச்சுடும்மா."

"அணைச்சா நீங்க காலையில ஏத்தின நாலு பேரும் போயிடுவாங்க. பாஸ்வேர்டைச் சொல்லுங்க."

மெதுவாகச் சொன்னார். கேட்கவில்லை என்றாள். ஒவ்வோர் எழுத்தாக உரக்கச் சொன்னார். முன் சீட்டுக்காரர், "கடைசில ஏழா, ஒண்ணாங்க?" என்று அக்கறையாக விசாரித்தார்.

பட்டியலில் கடைசிப் பெயராக ஏறினார்கள். மறுநாள் மிஷின் வந்து முக்கால் வயலை அறுத்தபோது மழை பிடித்துக்கொண்டது. மிச்சத்தை மலர்க்கொடி தண்ணீரில் நின்று அரிவாளால் அறுக்க, துரைக்கண்ணு கட்டுச் சுமந்தார். இரண்டு நாளும் அந்த அம்மாள் அவரிடம் பேசவில்லை.

திருந்திவிட்டார் என்றா நினைக்கிறீர்கள்? மூன்றாம் நாள் எட்டரைக்கே வந்து முதல் வேலையாகப் பாஸ்வேர்டை மாற்றினார்.

சிரிப்பது இருக்கட்டும். இன்று காலை ஆபீஸில் நீங்கள் திறந்த அந்தப் பொது ஃபைலை மூடிவிட்டுத்தானே இங்கே வந்து உட்கார்ந்து படிக்கிறீர்கள்? வெளியே யாரோ ஒரு மலர்க்கொடி வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.